பிஎன்ஏ ஏன் இன்னும் மருந்தாகவில்லை?

கேள்வி: டிஎன்ஏ மாதிரியே இருக்கும் செயற்கை மூலக்கூறான பிஎன்ஏ (பெப்டைட் நியூக்ளிக் அமிலம்), குறிப்பிட்ட மரபணுவை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளுமாமே, அப்புறம் என்ன தடை?

பதில்: பிஎன்ஏவை 1991-ல் விஞ்ஞானி பீட்டர் நீல்சன் குழு கோபன்ஹேகனில் உருவாக்கியது. டிஎன்ஏவின் முதுகெலும்பில் உள்ள பாஸ்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. பிஎன்ஏவில் அந்த இடத்தில் புரதச் சங்கிலி போன்ற ஒன்று, மின்னூட்டமே கிடையாது, அதனால் விலக்கு விசை இல்லாமல் இறுக்கமாகப் பிணையும், நொதிகளாலும் சுலபத்தில் வெட்ட முடியாது.

ஒட்டுவதெல்லாம் சரி, செல்லுக்குள் நுழைவதுதான் தலைவலி. உள்ளே நுழைய உதவும் சிறு பெப்டைடை (குட்டிப் புரதத் துண்டை) கோத்து அனுப்பினாலும், பெரும்பகுதி செல் உள்ளிழுப்பதை அடைத்துவைக்கும் எண்டோசோம் என்ற பைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கேட்டவர்: அப்போ இந்த ரகத்தில் எதுவுமே தேறவில்லையா?

பதில்: ஏன் இல்லை? பிஎன்ஏவுக்குத் தூரத்து உறவான நுசினெர்சென் என்ற மருந்து 2016-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கியது, முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு. ஆனால் அது பிடிப்பது மரபணுவின் நகலான ஆர்என்ஏவை, மரபணுவை அல்ல. அதையும் தண்டுவட நீரில்தான் ஊசியாகப் போட வேண்டும்.