பழைய கோடில் கொமென்ட் முழுக்க எழுத்துப்பிழை, திருத்தலாமா விடலாமா?

புதுக்கோடர்:

அண்ணாமார், அக்காமார், ஒரு சந்தேகம். கொழும்பில் ஒரு கம்பனியில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கையில் தந்திருப்பது கிளைகளின் கணக்குப் பார்க்கிற ஒரு பழைய ஜாவா புரொஜெக்ட், பலபேர் வந்து எழுதிவிட்டுப் போன கோடு. கொமென்ட்களை (கோடுக்கு நடுவில் மனிதர் வாசிக்க எழுதி வைக்கிற குறிப்புகளை) வாசித்தால் தலையிடிக்கிறது. 'ரிசீவ்' என்ற சொல்லில் ஈயும் ஐயும் இடம் மாறிக் கிடக்கின்றன, 'செப்பரேட்' நடுவில் ஏ வரவேண்டிய இடத்தில் ஈ, ஒரே மெதட்டுக்கு மேலேயே 'கல்குலேட்' இரண்டு விதமாக. இடைக்கிடை ஆங்கில எழுத்தில் சிங்களம் வேறு, 'மேக்க வெனஸ் கரன்ன எபா' என்று (இதை மாற்றவேண்டாமாம், ஏன் என்று மட்டும் எழுதவில்லை).

எல்லாவற்றையும் திருத்தி ஒரு புள் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கிற கோரிக்கை) போடட்டுமா என்று லீடிடம் கேட்டேன். "வேலை குறைவா தம்பி?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஏசவில்லை, ஆனால் சரி என்றும் சொல்லவில்லை. கொமென்ட்தானே, ஓடுகிற கோடில் நான் கை வைக்கப்போவதில்லையே, இதில் அப்படி என்ன பயம்?

ரிலீஸ்_காவல்:

உங்கள் லீட் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது, அதை அவர் இருந்து விளக்கியிருக்கலாம், அது வேறு விஷயம்.

பழைய புரொஜெக்ட் என்றால் அநேகமாக ஒரு பிரான்ச் (கோடின் தனிப் பிரதி) மட்டும் இருக்காது. வாடிக்கையாளர் ஒருவர் போன வருட வெர்ஷனிலேயே நிற்பார், இன்னொருவர் அதற்கும் முந்தியதில். மெயினில் ஒரு பக் திருத்தினால் அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்து (செரி பிக் பண்ணி) அந்தப் பழைய பிரான்ச்களுக்கும் கொண்டுபோக வேண்டும். பக் இருந்த வரிக்குப் பக்கத்து வரியில் நீங்கள் கொமென்ட்டைத் திருத்தி வைத்திருந்தால் கிட் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்கிற கருவி) அங்கே கொன்ஃப்ளிக்ட், அதாவது மாற்றங்கள் மோதுகின்றன, என்று நின்றுவிடும், வெள்ளிக்கிழமை பின்னேரம் அதைப் பிரித்துக்கொண்டு இருக்கப்போவது நீங்கள் அல்ல, நாங்கள்.

இரண்டாவது, கிட் பிளேம், ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டுகிற கட்டளை. ஒரு வரியை யார் எதற்காக எழுதினார் என்று தேடப்போனால் எல்லா இடத்திலும் உங்கள் பெயரும் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்ற செய்தியும்தான் வரும். இதற்கு வழி உண்டு. 2019 ஓகஸ்டில் வந்த கிட் 2.23 இலிருந்து, பிளேம் பார்க்கும்போது சில கொமிட்களை (பதிவு செய்த மாற்றங்களை) தவிர்க்கச் சொல்லலாம். அந்த கொமிட்டின் முழு ஹாஷையும் (அதன் அடையாள எண்ணையும்) ஒரு ஃபைலில் எழுதி, கொன்ஃபிக்கில் அந்த ஃபைலைக் காட்டிவிட்டால் போதும். ஆனால் அது வேலை செய்யவேண்டும் என்றால் எழுத்துப்பிழைத் திருத்தம் தனிக் கொமிட்டாக இருக்கவேண்டும். பக் திருத்தத்தோடு கலந்து போட்டால் அந்த கொமிட்டைத் தவிர்க்க யாருக்கும் மனம் வராது.

கிரெப்_ராணி:

ரிலீஸ்_காவல் சொல்வது சரி, ஆனால் அப்படியே விட்டுவிடுவது என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். கொமென்ட் வாசிப்பதற்கு மட்டும் அல்ல, தேடுவதற்கும்தான். 'டெப்ரிகேட்டட்' (இனிப் பாவிக்கவேண்டாம்) என்று குறித்து வைத்த மெதட்களை எல்லாம் தூக்கவேண்டும் என்று கிரெப் (ஃபைல்களில் சொல் தேடுகிற கட்டளை) போட்டுத் தேடுகிறீர்கள், இரண்டு இடத்தில் அந்தச் சொல் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த இரண்டும் உங்கள் பட்டியலுக்கு வராது, வரவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியாது. லினக்ஸின் மையமான கேர்னலுக்குப் பட்ச் (திருத்தம்) அனுப்புவதற்கான வழிகாட்டியில் சின்னத் திருத்தம் என்று எவற்றை ஏற்பார்கள் என்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது. ஆவணங்களில் உள்ள எழுத்துப்பிழையும், கிரெப் தேடலைக் குழப்பக்கூடிய எழுத்துப்பிழையும் அதில் தனித்தனியாகவே இருந்தன. அவர்களே அப்படி யோசித்திருக்கிறார்கள்.

ஜாவா என்பதால் முதலில் ஜாவாடொக் கொமென்ட்களைப் பாருங்கள். அவை எச்டிஎம்எல் ஆகி வெளியே போகிறவை, வாடிக்கையாளர் கண்ணில் படுகிறவை. உள்ளே கிடக்கிற ஒற்றை வரிக் கொமென்ட்களை, அந்த ஃபைலில் வேறு வேலை வரும்போது பார்க்கலாம்.

கருவி என்றால் கோட்ஸ்பெல். அகராதியில் இல்லாத சொல்லை எல்லாம் பிழை என்று அது சொல்லாது, வழக்கமாக வருகிற பிழைகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் பிடிக்கும். ஆகவே உங்கள் 'மேக்க வெனஸ்' வரியில் பெரும்பாலும் வாயைத் திறக்காது. சிஸ்பெல் மாதிரி அகராதியை வைத்துப் பார்க்கிற கருவியைப் போட்டால் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, ஆட்களின் பெயர் என்று பக்கம் முழுக்கக் கோடு போடும். கிளைப் பெயர்களில் கவனம், ஒரு இடத்தில் கொள்ளுப்பிட்டிய என்றும் இன்னொரு இடத்தில் பழைய ஆங்கில வழக்கப்படி கொல்பெட்டி என்றும் இருந்தால் இரண்டும் சரிதான்.

பழையதைத் திருத்துவதைவிடப் புதிதாகப் பிழை வராமல் பார்ப்பது சுலபம். கேர்னலில் பட்ச் சரிபார்க்கிற ஸ்கிரிப்ட், பொதுவான பிழைகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, வருகிற பட்சைப் பார்த்து எச்சரிக்கும். உங்கள் சிஐயிலும் (கோடு சேரும்போது தானாக ஓடுகிற சோதனையிலும்) மாறிய ஃபைல்களுக்கு மட்டும் கோட்ஸ்பெல்லைப் போடலாம்.

நள்ளிரவு_டிபக்:

"கொமென்ட்தானே" என்ற சொல்லைத்தான் நான் நம்பமாட்டேன்.

கோட்ஸ்பெல்லுக்குக் கொமென்ட் எது, கோடு எது என்று தெரியாது. ஃபைல் முழுவதையும் வெறும் எழுத்தாகத்தான் பார்க்கும். எல்லாவற்றையும் தானாகத் திருத்து என்று விட்டால் ஸ்ட்ரிங்கில் இருப்பதும் மாறும், ஜேசன் (தரவு அனுப்புகிற வடிவம்) ஃபீல்ட் பெயரும் மாறும். ஒரு டீமில் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஃபீல்டின் பெயரை ஆரம்பத்திலேயே பிழையாக எழுதி, மொபைல் அப்பும் அதே பிழையோடு வாசித்துக்கொண்டு நன்றாக ஓடியது. சேர்வர் பக்கம் மட்டும் யாரோ வடிவாகத் திருத்தினார்கள், அப்பில் திகதி எல்லாம் வெறுமையாக வந்தது.

வெளியே போன பிழை அப்படித்தான். எச்டிடிபியில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்கிற 'ரெஃபரர்' ஹெடரில் ஒரு ஆர் குறைவு, 1996 இல் வந்த ஆர்எஃப்சி 1945 என்ற ஆவணத்திலேயே அப்படி. இன்று வரைக்கும் யாரும் தொடவில்லை. பின்னால் வந்த 'ரெஃபரர் பொலிசி' ஹெடரைச் சரியாக எழுதினார்கள், இப்போது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விதமாகப் போகின்றன.

அப்புறம், கொமென்ட் மாதிரி இருக்கும் ஆனால் கருவிகள் வாசிக்கிறவை. கோடைச் சோதிக்கிற கருவிகளான சோனாருக்கு 'நோசோனார்', பிஎம்டிக்கு 'நோபிஎம்டி', பார்த்தால் எழுத்துப்பிழை மாதிரியே இருக்கும், கை வைக்காதீர்கள். சி மொழியில், ஜிசிசி கொம்பைலரின் 7 ஆம் வெர்ஷனிலிருந்து, சுவிட்சில் பிரேக் இல்லாமல் அடுத்த கேஸுக்கு விழுகிற இடத்தில், வேண்டுமென்றே விழுவதாகச் சொல்கிற கொமென்ட் இருந்தால் கொம்பைலரே அதைப் பார்த்து எச்சரிக்கையைக் காட்டாமல் விடும். ஜாவாவில் இன்னொரு வேடிக்கை: கொமென்ட்டுக்குள் பேக்ஸ்லாஷும் அதை ஒட்டி யூ எழுத்தும் வந்தால் ஜாவாசி (ஜாவா கொம்பைலர்) அதை யூனிகோட் என்று எடுக்கும். விண்டோஸின் யூசர்ஸ் ஃபோல்டர் பாதையைச் சின்ன யூ போட்டுக் கொமென்ட்டில் எழுதிப் பாருங்கள், பில்டே நின்றுவிடும்.

புதுக்கோடர்:

நன்றி, இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம், 'கலர்', 'பிஹேவியர்' எல்லாம் யூ போட்டு. கோடில் இரண்டும் கலந்து கிடக்கிறது. அடுத்தது, திறந்த மூலப் புரொஜெக்ட்களுக்கு இப்படித் திருத்தங்கள் அனுப்பி சிவியில் போடலாமா?

கிரெப்_ராணி:

பிரிட்டிஷ், அமெரிக்க வித்தியாசம் பிழையே இல்லை, அதைத் தொட்டால் ரிவியூவில் சண்டைதான் வரும். கோட்ஸ்பெல்லும் நீங்களாகக் கேட்டால்தான் அதைப் பார்க்கும், அதற்குத் தனிப் பட்டியல்.

திறந்த மூலம் என்றால், ஆவணத்தை வாசிக்கும்போது உண்மையிலேயே தடுக்கிய பிழை ஒன்றைத் திருத்தி அனுப்பினால் பெரும்பாலும் சந்தோஷமாக எடுப்பார்கள். எண்ணிக்கைக்காக அனுப்பினால் ஏச்சுத்தான். 2020 இல் ஹக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறந்த மூல நிகழ்வில் நான்கு புள் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு டீஷேர்ட் என்றதும் ரீட்மீயில் ஒரு சொல்லை மாற்றி அனுப்புகிற கூட்டம் குவிந்து, கடைசியில் விரும்பிச் சேருகிற புரொஜெக்ட்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்றினார்கள். சிவியில் நான் பார்த்தால் மதிப்பது குறைவு, உண்மையைச் சொல்கிறேன்.

நள்ளிரவு_டிபக்:

லீடிடம் திரும்பப் போவதென்றால் வெறுங்கையோடு போகவேண்டாம். ஜாவாடொக் மட்டும், ஒரு பக்கேஜ் மட்டும், வரி எண்ணிக்கை மாறாமல் திருத்துங்கள். திருத்த முன்னும் பின்னும் ஒரே ஜாவாசியால் கொம்பைல் பண்ணி கிளாஸ் ஃபைல்களின் எஸ்எச்ஏ 256 ஐ (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்ணை) ஒப்பிடுங்கள். கொமென்ட் கிளாஸ் ஃபைலுக்குள் போவதில்லை, வரி நகராவிட்டால் இரண்டும் அச்சொட்டாக ஒன்றாக இருக்கும். ஜாரை (கிளாஸ் ஃபைல்களைக் கட்டிய பொதியை) ஒப்பிடவேண்டாம், அதற்குள் நேரம் பதிவாகும். அந்த முடிவைப் புள் ரிக்வெஸ்ட் விளக்கத்திலேயே ஒட்டிவிட்டால் ஓடுகிற கோடு மாறியிருக்கிறதா என்று அவர் வரிவரியாகத் தேடத் தேவையில்லை. அந்த சிங்கள வரியை மட்டும், எழுதியவர் இன்னும் கம்பனியில் இருந்தால், ஏன் என்று கேட்டு அதன் கீழே எழுதி வையுங்கள்.