ஆஸ்பத்திரி வார்டில் ஊழியம்: சாட்சியா, தொந்தரவா?

உப்புக்கல்:
போன மாதம் மாமனாருக்குத் துணையாக ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அடுத்த கட்டிலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கால்விரல் எடுத்த ஒரு அம்மா. நெற்றியில் திருநீறு. சாயங்காலம் நாலு பேர் கைப்பிரதியோடு வந்தார்கள். ஒருவர், "ஏசப்பாகிட்ட முன்னாடியே வந்திருந்தா விரல் போயிருக்காதும்மா" என்றார். அந்த அம்மா பேசாமல் கும்பிட்டார். மகன் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். பாளையங்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கோயில் என்றாலே சர்ச்தான், அத்தனை தலைமுறைக் கிறிஸ்தவர்கள். ஆனாலும் அன்று நான் வாயே திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவர்களை நினைத்தா, என்னை நினைத்தா என்று தெரியவில்லை. நம் விசுவாசத்தை அடுத்தவருக்குச் சொல்வதைச் சாட்சி என்கிறோமே, இதற்குப் பெயர் சாட்சியா?

எரியும்விளக்கு:
அந்தப் பேச்சு தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரதர், அவர்கள் தப்பாகப் பேசினார்கள், நீங்கள் பேசவே இல்லை. எது பெரிய தப்பு? நம்மில் பாதிப் பேர் ஆபீசில் கிறிஸ்மஸ் கேக் கொடுப்பதோடு சாட்சியை முடித்துக்கொள்கிறோம். "நல்லபடியா வாழ்ந்து காட்டினா போதும்" என்பது நமக்கு வசதியான பேச்சு. அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுல் அப்படி இருக்கவில்லை. சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடெல்லாம் தினமும் பேசினார். அரசியல் சட்டத்தின் 25வது பிரிவும் மதத்தைப் பின்பற்ற மட்டுமல்ல, பரப்பவும் உரிமை தருகிறது.

கூடல்வாசி:
நான் மதுரைக்காரன், சித்திரைத் தேருக்கு வடம் பிடிக்கிற குடும்பம். சட்டம் என்று வந்துவிட்டதால் மீதியையும் சொல்கிறேன். பரப்பும் உரிமை என்றால் தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமை. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொல்லிவிட்டது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் 'பரப்ப' என்ற அந்தச் சொல்லை ஆதரித்துப் பேசியவர்களில் நம்மூர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். 14 வருடம் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் படித்தும் தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றார். அவர் நம்பியது அந்த மாதிரி கிறிஸ்தவர்களை.

அப்புறம், நீங்கள் சொன்ன சந்தைவெளி. அங்கே பிடிக்காதவன் நடையைக் கட்டலாம். கையில் டிரிப்ஸ் ஏறுகிறவர் எங்கே போவார்?

மூன்றாம்பெஞ்ச்:
நான் பாஸ்டர் வீட்டுப் பிள்ளை, இப்போது எந்தப் பக்கமும் போவதில்லை. எனக்கு உறுத்துவது இடம் இல்லை, பொய். என் சித்தப்பா சாட்சி சொல்லும்போது தான் குடித்த கதையைச் சொல்வார். நான் சின்னப் பையனாக இருந்தபோது அது வாரத்துக்கு ஒரு குவார்ட்டர். நான் காலேஜ் முடிப்பதற்குள் தினம் ஒரு ஃபுல் ஆகிவிட்டது! அவர் குடியை விட்டது உண்மை, கண்ணால் பார்த்தேன். அந்த உண்மை போதாதா? நாற்பது நாள் உபவாசம் இருந்து ஜெபித்தும் சித்தி பிழைக்கவில்லை. அதை அவர் மைக்கில் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் இன்னும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

உப்புக்கல்:
மூன்றாம்பெஞ்ச் சொன்னது குத்துகிறது. எனக்கு சீகன்பால்க் ஞாபகம் வருகிறார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி அவர். தமிழ் படித்து, நம் நூல்களைப் படித்த பிறகு, இவர்களைப் பற்றி நான் நினைத்தது தப்பு என்று எழுதினார். தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, வந்த பதில்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார். கிறிஸ்தவர்களின் நடத்தை மேல் அவர்கள் வைத்த குறைகளும் அதில் உண்டு. நம் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய புத்தகத்தை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் அச்சிட மறுத்துவிட்டார்கள். அது 1867இல்தான் சென்னையில் அச்சானது. அந்த நாலு பேர் அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

எரியும்விளக்கு:
அதே சீகன்பால்க்தான் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார். கேட்டதோடு நின்றுவிடவில்லை.

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். நான் விசுவாசத்துக்கு வந்ததே ஒரு வார்டில்தான். முதல் பிள்ளை குறைமாதத்தில் போய்விட்டது. யாரோ ஒரு அக்கா வந்தார். கூடல்வாசி அண்ணன் சொல்கிறபடி பார்த்தால் அவர் வந்திருக்கவே கூடாது.

கூடல்வாசி:
வருத்தமாக இருக்கிறது சகோதரி. ஒன்று மட்டும் கேட்கலாமா? அவர் வந்ததும் என்ன சொன்னார்?

எரியும்விளக்கு:
ஒன்றும் சொல்லவில்லை. தலை வாரிவிட்டார். மூன்றாம் நாள் நான்தான் "நீங்க யாருக்கா?" என்று கேட்டேன். இதை நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். ஆனால் கேட்டபோது அவர் மழுப்பவில்லை. இயேசுவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம்பெஞ்ச்:
"விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல" என்று பைபிளில் பேதுரு எழுதியதை (அங்கே உத்தரவு என்றால் பதில்) சண்டே ஸ்கூலில் ஒப்பித்து சோப்பு டப்பா வாங்கியிருக்கிறேன். "உத்தரவுசொல்ல" வரும்போது மட்டும் கத்துவோம்.

எரியும்விளக்கு:
சிரித்துவிட்டேன். ஆனாலும் யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தே ஆயுசு முடிந்துவிட்டால்? அந்த அக்காவும் என் கட்டில் வரைக்கும் தானாகத்தான் நடந்து வந்தார்.

கூடல்வாசி:
அது நியாயம்தான். வருவதை நான் தடுக்கவில்லை. உப்புக்கல் சார், அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

உப்புக்கல்:
நாங்கள் கிளம்புகிறவரை புண் ஆறவில்லை. கடைசி நாள் அந்த மகனிடம், "அன்னைக்கு அவங்க பேசினது தப்பு தம்பி. நானும் கிறிஸ்தவன்தான்" என்றேன். "தெரியும் சார், உங்க மாமனார் தலைமாட்டுல பைபிள் இருக்கே" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் சார் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டான். எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னேன். அவன் பிளாஸ்க்கைத் திறந்து எனக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றினான்.