கடக்வாஸ்லா போனா உளியை விட்டுடணுமா?

தம்மம்பட்டிப் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு என்.டி.ஏ.வில (தேசிய பாதுகாப்பு அகாடமி) இடம் கிடைச்சிருக்கு, ஆர்மி. அடுத்த மாசம் புனே பக்கத்துல கடக்வாஸ்லாவுக்குக் கிளம்பணும். அப்பா மரச்சிற்பி. ஏழாவது படிக்கிறப்போ இருந்து லீவு நாளெல்லாம் எனக்குப் பட்டறைதான். யாளி, குதிரை எல்லாம் உடம்பு வரைக்கும் நானே முடிச்சுடுவேன், முகம் மட்டும் அப்பா கை. கண் திறக்கிற வேலையை இப்பதான் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார், அதுக்குள்ள ரிசல்ட் வந்துருச்சு. அங்க மூணு வருஷம், அப்புறம் டேராடூன் ராணுவ அகாடமியில ஒரு வருஷம். அவ்வளவு நாள் உளி தொடலேன்னா கை மறந்துடும்னு பயமா இருக்கு. சின்ன உளி நாலு எடுத்துட்டுப் போகலாமா?

பழைய கேடட், கடற்படை:
தம்பி, உளி வீட்டுலயே இருக்கட்டும். முதல் டெர்ம்ல உன் கேபின் அலமாரியில எது எங்க இருக்கணும்னுகூட நீ முடிவு பண்ண முடியாது. பி.டி., டிரில், வகுப்பு, விளையாட்டுன்னு ஓடிட்டு ராத்திரி புத்தகத்தைத் திறந்தா தூக்கம் சொக்கும். ஆறு டெர்ம்ல முதல் ரெண்டை மறந்துடு.

அப்புறம் ஹாபி கிளப்ல ஷிப் மாடலிங்கைக் கேட்டு வாங்கு. 1986-ல நான் அதுலதான் இருந்தேன். மெல்லிசுப் பலகையை வளைச்சு ஒட்டி உப்புத்தாள் போடுறப்போ, மரத்தோட ரேகை எந்தப் பக்கம் ஓடுதுன்னு விரலுக்குத் தெரியும். உனக்கு அது சின்ன வேலைதான், ஆனா கைப்பழக்கம் விடாது. நோட்டுல தினம் ஒரு முகம் வரை. பென்சிலை எந்த இன்ஸ்பெக்‌ஷன்லயும் பிடுங்க மாட்டாங்க. மே கடைசியிலும் நவம்பர் கடைசியிலும் பாசிங் அவுட் பரேடு, அது முடிஞ்சா லீவு. அந்த நாளெல்லாம் அப்பா பட்டறைக்கே.

அதிகாரிக்கு எதுக்கு மரவேலைன்னு யாராவது கேட்டா மாதேய் படகைச் சொல்லு. கடற்படை கமாண்டர் திலீப் டோண்டே 2009-10-ல தனியா உலகத்தைச் சுத்தி வந்த பாய்மரப் படகு அது. மரத்தையும் ஃபைபரையும் சேர்த்து கோவாவில அதைக் கட்டினப்போ அவரும் கூடவே இருந்தார்.

ஓய்வு ஹவில்தார், மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவ இன்ஜினியர்ஸ் பிரிவு):
தம்பி, நாளைக்கு நீங்க ஆபீசர். அதனால இதைச் சொல்றேன். எங்க குரூப்ல என் ட்ரேடே கார்ப்பென்டர். ஒரு தடவை பெய்லி பாலம் (துண்டு துண்டா கொண்டுபோய் மாட்டுற இரும்புப் பாலம்) போட்டு மேல பலகை விரிச்சுட்டு இருந்தோம், நல்ல மழை. புதுசா வந்த லெப்டினன்ட் மண்டி போட்டு ஒரு பலகையை விரல் முட்டியால தட்டிக் கேட்டார். "இதை மாத்துங்க"ன்னார். புரட்டிப் பார்த்தா கணு ஓரமா வெடிப்பு. யார்கிட்ட சார் கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். தாத்தா ஆசாரின்னார். அன்னைக்கு ராத்திரி லங்கர்ல (சாப்பாட்டுக் கூடம்) அவரைப் பத்தித்தான் பேச்சு. அப்பா தொழிலை அங்க யார்கிட்டயும் மறைக்காதீங்க. டேராடூன்ல எந்தப் பிரிவு வேணும்னு கேட்கிறப்போ இன்ஜினியர்ஸை முதல்ல எழுதுங்க.

தம்மம்பட்டிப் பையன்:
ரெண்டு பேருக்கும் நன்றி ஐயா. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கிளம்ப இன்னும் 26 நாள் இருக்கு, நாளையிலிருந்து முகம் மட்டும்தான் வேலைன்னுட்டார். ஹவில்தார் ஐயா, அந்தப் பலகை என்ன மரம்னு அப்பா கேட்கச் சொன்னார்.