பி.எட். படிக்கும் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் துணை நின்ற அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

திருவண்ணாமலை பக்கம் ஒரு பி.எட். கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஜவ்வாது மலையிலிருந்து மலையாளி என்ற பழங்குடிச் சமூகத்துப் பிள்ளைகள் வருஷா வருஷம் சேருவார்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை என்று பலர் கேட்பதுண்டு. ஆளைச் சாய்ப்பது ஃபீஸ் இல்லை, இரண்டாம் வருஷம் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழகும் டீச்சிங் பிராக்டிஸ். 16 வாரம். சேலை, சார்ட், ரெக்கார்டு நோட்டு, தினமும் பஸ் காசு. ஸ்காலர்ஷிப் பணமோ அது வருகிற நேரத்துக்குத்தான் வரும்.

போன முறை ஒரு பெண்ணுக்கு முதன்மைக் கல்வி அலுவலகத்தில் பேசி, மலையிலேயே உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் வாங்கினோம். பஸ் செலவு மிச்சம். நான் அப்சர்வேஷனுக்குப் போன அன்று பயிர்கள் பாடம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சாமைக் கதிர் வரைந்து மாட்டியிருந்தாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "டீச்சர், அது சாமை இல்ல, தினை. சாமை இவ்ளோ தடியா தொங்காது" என்றான். உடனே ஆளாளுக்கு எழுந்து கரும்பலகையில் வரைய ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள். 'வகுப்பறைக் கட்டுப்பாடு போதாது' என்று அங்கிருந்த கைடு டீச்சர் எழுதினார். நான் மார்க்கைக் குறைக்கவில்லை.

—

சார், சாதிச் சான்றை விட்டுட்டீங்களே. பழங்குடியினருக்கு (எஸ்.டி.) தாசில்தார் கையெழுத்து செல்லாது, கோட்டாட்சியர்தான் தரணும். எங்க ஊர் இருளர் பையன் ஒருத்தன், பி.எஸ்சி. கணிதம் முடிச்சவன். விசாரணைக்கு வந்தவர் அவன்கிட்ட பாம்பு பிடிக்கத் தெரியுமான்னு கேட்டார். அண்ணனுக்கு ஏற்கெனவே கொடுத்த சான்றைக் காட்டியும் அலைய விட்டாங்க. கூடவே போய் வந்தேன், அவ்வளவுதான் நம்மால முடிஞ்சது. சான்று கைக்கு வந்தப்போ அந்த வருஷ அட்மிஷன் முடிஞ்சிருந்தது.

—

நானும் இருளர்தாங்க. பி.எட். முடிச்சு ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பேப்பர் 2-க்குப் படிக்கிறேன். கணிதம், அறிவியல் 60, தமிழ் 30, குழந்தை மேம்பாடு 30, இதெல்லாம் சமாளிச்சிடலாம். ஆங்கிலம் 30-லதான் அடி வாங்குறது. அதுல பாஸானாலும் மாநில அரசு வேலையில நமக்கு ஒதுக்கீடு 1 சதவீதம், போட்டியை நீங்களே யோசிச்சுக்குங்க.

உதவின்னு வர்றவங்க பெரும்பாலும் சேலை கொடுத்து, கையோட போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாங்க. குறையா சொல்லல, அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டுத்தான் பிராக்டிஸுக்கே போனேன். ஆனா உட்கார்ந்து இங்கிலீஷ் சொல்லித் தந்தது ஒரு அக்கா மட்டும்தான். ராத்திரி அவங்க வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சப்புறம் போன்ல. நான் வாசிக்க வாசிக்க, தப்பை அங்கயே நிறுத்தித் திருத்துவாங்க.

திண்டிவனம் பக்கம் யார்கிட்டயாவது பழைய டெட் ஆங்கில வினாத்தாள் இருந்தா சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கறேன். சேலை இருக்கு.