மம்பிள், மட்டர், மர்மர், விஸ்பர்: எல்லாமே ‘முணுமுணுத்தான்’ தானா?

கேள்வி: வரிப்பூனை

வணக்கம். ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். அதில் யாரும் சும்மா ‘சொல்வதே’ இல்லை. ஒரே பக்கத்தில் மம்பிள், மட்டர், மர்மர், விஸ்பர் நான்கும் வருகின்றன. அகராதியைப் புரட்டினால் முதல் மூன்றுக்கும் ‘முணுமுணு’, நான்காவதற்குக் ‘கிசுகிசு’. அப்படியே போட்டால் பக்கம் முழுக்க ஆளாளுக்கு முணுமுணுக்கிறார்கள். இவற்றுக்குள் உண்மையில் என்ன வேறுபாடு, எதை வைத்துப் பிரிப்பது? ஷவுட், யெல், ஸ்க்ரீம், அப்புறம் ஸ்டாமர், ஸ்லர் பற்றியும் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது. ஆங்கிலத்திலேயே எழுதும்போது எங்கே தவறு வரும் என்பதும் தெரியவேண்டும்.

பதில் 1: நுனிநாக்கு

‘சத்தம் குறைவு’ என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைப்பதால் வரும் குழப்பம் இது. சத்தம் ஏன் குறைந்தது, யாருக்காகக் குறைந்தது என்று கேட்டுப் பாருங்கள். தானாகப் பிரிந்துவிடும்.

மம்பிளில் கோளாறு உச்சரிப்பில் இருக்கிறது. வாயைச் சரியாகத் திறக்காமல், உதடும் நாக்கும் பாதி வேலை மட்டும் செய்ய, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். சத்தம் சுமாராக இருந்தாலும் புரியாது. பேசுகிறவருக்குக் கோபம் இருக்கவேண்டியதில்லை. கூச்சம், தூக்கக் கலக்கம், பதில் தெரியாத தயக்கம் எதுவும் காரணமாகலாம். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் ‘மம்பிள் பண்ணாதே’ என்பார், அது திருத்தம். ‘மட்டர் பண்ணாதே’ என்றால் அது கண்டிப்பு.

ஏனென்றால் மட்டரில் மனசு கலந்திருக்கிறது. எரிச்சல், அதிருப்தி, சலிப்பு. எதிரில் இருப்பவருக்கு முழுசாகக் கேட்டுவிடவும் கூடாது, ஏதோ சொல்கிறான் என்று தெரிந்தால் பரவாயில்லை என்கிற மாதிரிப் பேச்சு. சாவியைத் தேடிக்கொண்டே தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்வதும் இதுதான். நம் ‘முணுமுணு’ கச்சிதமாகப் பொருந்துவது இந்த ஒன்றுக்கு மட்டுமே.

மர்மரில் குரல் தணிந்திருக்கும், சொல் தெளிவாகவே இருக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கவேண்டும் என்றுதான் பேசுகிறார். ஆறுதல், நெருக்கம், மரியாதை, தூங்குகிற குழந்தையை எழுப்பாத கவனம் எல்லாம் இதில் வரும். விட்டுவிடாமல் தொடர்கிற மெல்லொலியும் மர்மர்தான்: ஓடை, தூரத்துக் கூட்டத்தின் பேச்சு. இதயத்தில் ரத்தம் சீராக ஓடாமல் சுழித்து ஓடும்போது ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலிக்கும் மருத்துவர்கள் வைத்த பெயர் மர்மர்.

ஒரே காட்சியில் மூன்றையும் போட்டுப் பார்ப்பதுதான் நல்ல சோதனை. ஒருவன் ‘ஸாரி’ என்கிறான். மம்பிள் என்றால் வெட்கத்தில் வார்த்தை வெளியே வரவில்லை. மட்டர் என்றால் மனசே இல்லாமல், கேட்கச் சொன்னார்களே என்று கேட்கிறான். மர்மர் என்றால் கூட்டத்தில் யார் காலையோ மிதித்துவிட்டு நாகரிகமாகத் தணிந்த குரலில் சொல்லி நகர்கிறான். மன்னிப்பு ஒன்று, ஆள் மூன்று பேர்.

விஸ்பர் அடிப்படையிலேயே வேறு. மற்ற மூன்றிலும் குரல்நாண்கள் அதிரும், விஸ்பரில் அதிராது. வெறும் மூச்சுக்காற்றை வைத்தே பேசுகிறோம். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு ஒரு சொல்லைத் தணிந்த குரலிலும், பிறகு மூச்சாலும் சொல்லிப் பாருங்கள். முதலில் விரலில் அதிர்வு தெரியும், அடுத்ததில் தெரியாது. அதனால்தான் விஸ்பரில் ‘பேட்’, ‘பேட்’ என்று எழுத்தில் நமக்கு ஒன்றுபோல் தெரியும் மட்டையும் தட்டிக்கொடுத்தலும் காதுக்கும் எளிதில் குழம்பிவிடலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதில் அந்த அதிர்வுக்கும் பங்கு உண்டு. விஸ்பர் மெதுவாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. நாடகத்தில் ‘ஸ்டேஜ் விஸ்பர்’ என்பது கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.

பதில் 2: ஒற்றுப்பிழை

நுனிநாக்கு சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. ஆனால் மர்மரை அவ்வளவு இனிமையானதாக நினைத்துவிட வேண்டாம். ‘வித்தவுட் எ மர்மர்’ என்றால் ‘மூச்சுவிடாமல்’, அதாவது ஒரு எதிர்ப்பும் காட்டாமல். கூட்டத்தில் ‘மர்மர்ஸ்’ எழுந்தது என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் அதிருப்திச் சலசலப்பு. ஒருவர் இன்னொருவரிடம் மர்மர் செய்தால் மென்மை, பலர் சேர்ந்து செய்தால் என்ன உணர்ச்சி என்பதை முன்பின் வாக்கியங்கள்தான் சொல்லும்.

தமிழாக்கத்துக்கு வருவோம். மம்பிளுக்கு ‘வாய்க்குள்ளேயே சொன்னான்’ போதும். சொல்லத் தயங்குகிற இடமானால் ‘மென்று விழுங்கினான்’ இன்னும் நன்றாக உட்காரும். மர்மருக்கு ‘தணிந்த குரலில்’, ‘மெல்லச் சொன்னாள்’. கூட்டம் என்றால் ‘சலசலப்பு’.

விஸ்பருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘கிசுகிசுத்தான்’ போடுவதைத்தான் நிறுத்தவேண்டும். பத்திரிகைகள் ‘கிசுகிசு’வை வம்புச் செய்திக்கு எழுதி எழுதி, அந்தச் சொல்லைப் பார்த்தாலே நமக்கு நடிகர் நடிகை ஞாபகம்தான் வருகிறது. இரண்டு பேர் மூன்றாமவரைப் பற்றிப் பேசினால் சரி. மரணப் படுக்கையில் இருப்பவர் மகளிடம் ‘கிசுகிசுத்தார்’ என்றால் வாசகர் சிரித்துவிடுவார். அங்கே ‘காற்றாய்த் தேய்ந்த குரலில்’ என்றோ ‘காதோடு சொன்னார்’ என்றோ எழுதலாம். வகுப்பறைக் காட்சியானால் ‘குசுகுசுவென்று பேசினார்கள்’.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வினை இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் வேண்டியதில்லை. நமக்கு ‘என்றான்’ என்ற அருமையான சொல் இருக்கிறது, கண்ணில் படாமல் வேலை செய்யும். வசனமே எரிச்சலாக இருந்தால் மட்டரைத் தனியாகக் காட்டாமல் ‘என்றான்’ போட்டு நகர்ந்துவிடலாம்.

பதில் 3: எழுவாய்

ஆங்கிலத்தில் எழுதும்போது தவறு பொருளில் வருவதைவிட வாக்கிய அமைப்பில்தான் அதிகம் வருகிறது.

‘அவனிடம் சொன்னேன்’ என்பதில் உள்ள ‘இடம்’ ஆங்கிலத்தில் வினைக்கு வினை மாறும். டெல் ஆளை நேராக ஏற்கும்: ‘டோல்ட் மீ’. ஸே, விஸ்பர், ஷவுட், எக்ஸ்ப்ளெய்ன் எல்லாவற்றுக்கும் நடுவில் ‘டு’ வேண்டும். ‘ஸெட் மீ’, ‘எக்ஸ்ப்ளெய்ண்ட் மீ’ இரண்டும் பிழை. எதிர்த்திசையிலும் தவறுவோம்: ‘ஹி டோல்ட் தட் ஹி வில் கம்’ என்பதில் யாரிடம் சொன்னான் என்பது விட்டுப்போயிற்று. ஆள் இல்லையென்றால் அங்கே ‘ஸெட்’தான். டெல் ஆளில்லாமல் வருவது ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’ போன்ற சில தொடர்களில்.

அடுத்து ‘தட்’. ‘ஹி ஸெட் ஹி வாஸ் டயர்ட்’ இயல்பாக இருக்கிறது. ஸெட் இருக்கிற இடத்தில் ‘மம்பிள்ட்’ போட்டால் ‘தட்’ இல்லாமல் தடுக்கும். சொல்லும் விதத்தைக் குறிக்கும் வினைகளுக்குப் பொதுவாகவே இந்தக் குணம் உண்டு. ‘வாட் டிட் ஹி ஸே ஷி பாட்?’ (அவள் என்ன வாங்கினாள் என்று அவன் சொன்னான்?) என்று கேட்கலாம். அங்கே ஸேக்குப் பதில் ‘விஸ்பர்’ வைத்தால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். மொழியியலாளர் ஆர்னால்ட் ஸ்விக்கி 1971இலேயே இந்த வினைகளைத் தனிக் குழுவாக எடுத்து ஆராய்ந்தார். உருவம் மாறாமல் பெயர்ச்சொல்லாவதும் இக்குழுவில் சாதாரணம்: எ ஷவுட், எ விஸ்பர், எ மம்பிள்.

ஸ்பீக்குக்கும் டாக்குக்கும் பெரும்பாலான இடங்களில் சண்டையில்லை. மொழியின் பெயர் வந்தால் ஸ்பீக் மட்டும். மேடையில் ஒருவர் பேசப் பலர் கேட்டால் ஸ்பீக் பக்கம் சாயும், மாறி மாறிப் பேசினால் டாக்.

பதில் 4: நுனிநாக்கு

விட்டுப்போன சத்தக்காரர்கள். ஷவுட் வெறுமே உரத்துச் சொல்வது, சொல் கட்டாயம் இருக்கும் என்றில்லை, பெரும்பாலும் இருக்கும். இதில் முக்கியம் பின்னால் வரும் சிறுசொல். ‘ஷவுட் டு’ என்றால் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கட்டும் என்று கூவுவது, ‘ஷவுட் அட்’ என்றால் திட்டுவது. ‘ஷவுட்டட் அட் மீ’யை ‘என்னைக் கூப்பிட்டார்’ என்று மாற்றினால் கதையே திரும்பிவிடும். யெல் கிட்டத்தட்ட அதேதான், கொஞ்சம் கட்டுப்பாடு இழந்தது, பேச்சுவழக்குச் சாயலும் கூட. ஸ்க்ரீம் அலறல்: பயம், வலி, சில சமயம் ஆனந்தம், சொல்லே இல்லாமலும் இருக்கலாம். ஷ்ரீக் அதிலும் கீச்சென்று குறுகலானது.

ஸ்டாமரும் ஸ்டட்டரும் ஒரே நிலைக்கு இரு பெயர்கள். பிரிட்டனில் ஸ்டாமர், அமெரிக்காவில் ஸ்டட்டர். எழுத்தொலியைத் திரும்பத் திரும்பச் சொல்வது, இழுப்பது, சொல் தொடங்காமல் அடைத்துக்கொள்வது மூன்றும் இதில் அடங்கும். ஆனால் கதையில் பயந்துபோன ஒருவன் ஒரு வரியை ஸ்டாமர் செய்தால் அவனைத் திக்குவாய்க்காரன் ஆக்கிவிடாதீர்கள், ‘தட்டுத்தடுமாறிச் சொன்னான்’. ஸ்லர் வேறு: சொல் அடைக்காது, ஒலிகள் கரைந்து ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும். போதை, மயக்கமருந்து, பக்கவாதம் காரணங்கள். ‘நாக்குழறியது’ சரியாக இருக்கும். மம்பிளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மம்பிள் செய்பவரை ‘வாயைத் திறந்து பேசு’ என்றால் திருந்துவார், ஸ்லர் அப்படித் திருந்தாது.

ப்ளர்ட் அவுட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அகராதியில் ‘உளறு’ என்றிருக்கும். அர்த்தமில்லாமல் பேசும் உளறல் இல்லை இது, வாய்தவறி உண்மையைக் கொட்டிவிடும் உளறல். ‘உளறிக்கொட்டிவிட்டான்’ என்றால் ஓரளவு வரும்.

வரிப்பூனை

மிக்க நன்றி. ஒரே ஒரு இடம் இன்னும் இடிக்கிறது. ‘ஹி ஸெட் அண்டர் ஹிஸ் ப்ரெத்’ என்று வருகிறது. ‘மூச்சுக்கடியில்’ என்று மாற்றினால் அபத்தமாக இருக்கிறது. இது விஸ்பரா, மட்டரா?

பதில் 5: ஒற்றுப்பிழை

‘ப்ரெத்’ இருப்பதால் விஸ்பர் போலத் தோன்றும். பொருளில் மட்டருக்கு மிக அருகில். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி, தனக்காகச் சொல்லிக்கொள்வது. பெரும்பாலும் வசைச்சொல்லோ சலிப்போ இருக்கும், கணக்கு எண்ணுவதோ பிரார்த்தனையோகூட வரலாம். திட்டு என்றால் ‘பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்’ என்பதைவிட ‘வாய்க்குள் திட்டிக்கொண்டான்’ நேராகச் சொல்லும். எண்ணிக்கை என்றால் ‘உதடு மட்டும் அசைய எண்ணினான்’. உங்கள் வரியில் அவன் சொன்னது என்ன என்று போடுங்கள், அதற்கேற்றபடி பார்க்கலாம்.