மணல் கலந்த படத்தில் வெள்ளை பூக்கிறது, வார்னிஷ் அடிக்கலாமா?

கியூர்பிப்வாசி: வணக்கம். நம் மொரீஷியஸ் தீவின் கரும்புக் காட்டையும் அதன் நடுவே குவித்து வைத்திருக்கும் கருங்கல் மேடுகளையும் அரூப நிலக்காட்சியாகச் செய்துகொண்டிருக்கிறேன். கித்தானில் ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சு). அதன்மேல் மோடலிங் பேஸ்டில் (மேடுபள்ளம் உருவாக்கும் கெட்டிக் கலவை) வீட்டில் கிடந்த கடற்கரை மணலைக் கலந்து தடிமனாக அப்பினேன். செய்தித்தாள் கிழிசலும் கரும்புத் தோகையும் மரவேலைக்கான வெள்ளைப் பசையில் ஒட்டியவை. தொடுவானத்தை ஆயில் பாஸ்டலால் (எண்ணெய் கலந்த வண்ணக்குச்சி) இழுத்து, அதன்மேல் நீர்த்த அக்ரிலிக் நீலம் ஓட்டியிருக்கிறேன்.

இப்போது மணல் உள்ள இடமெல்லாம் வெள்ளையாகப் பூக்கிறது, மழை நாளில் கசகசவென்று ஈரமாகிறது. மேட்டின் உச்சியில் வெடிப்பு. நீலம் நகம் பட்டாலே உரிகிறது. வார்னிஷ் அடித்தால் எல்லாம் அடங்குமா?

ரோஸ் ஹில் அண்ணன்: அடங்காது தம்பி. முதலில் வெள்ளையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் உப்புதான். சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கசியும். உங்கள் ஊர்ச் சாரலுக்கு அது ஒரு பொருட்டா? மேலே வார்னிஷ் அடித்தால் ஈரமும் உப்பும் உள்ளேயே அடைபட்டு, படலம் மங்கிக் கொப்புளிக்கும்.

நீலம் உரிவதற்குக் காரணம் வேறு. ஆயில் பாஸ்டல் எப்போதும் முழுதாகக் காய்வதில்லை, அக்ரிலிக் அதைப் பிடிக்காது. சுரண்டி எடுத்துவிட்டு, பாஸ்டலைக் கடைசி அடுக்காக வையுங்கள். வெடிப்பு, பேஸ்ட்டின் மேல்தோல் முந்திக் காய்ந்து இறுகியதால் வந்தது. மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்ததைப் போடுங்கள். இவ்வளவு கனத்துக்குத் தொய்கிற கித்தானைவிட மரப்பலகை நல்லது.

மோக்கா அக்கா: அண்ணன் சொன்னதோடு ஒன்று. கடல் மணல் எதற்கு? நம் தீவில் காயலில் மணல் அள்ளுவதை 2001இல் தடை செய்த பிறகு, வீடு கட்டுகிறவர்களே பாறையை உடைத்த மணலுக்கு மாறிவிட்டார்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். கருங்கல்லை நொறுக்கியது, கடல் உப்பு கிடையாது, நிறமும் கரும்சாம்பல். நீங்கள் வரைகிற மேடும் அதே கல்தானே! வெளுத்த பவழ மணலைப் பூசி, அதன்மேல் கறுப்பு அடித்து ஏன் கஷ்டப்பட வேண்டும்? தூசியை மட்டும் அலசி, நன்றாகக் காயவைத்து, அக்ரிலிக் ஜெல்லில் (நிறமில்லாத கெட்டியான அக்ரிலிக் ஊடகம்) குழையுங்கள்.

எழுதியிருப்பதைப் பார்த்தால் படத்தில் சரக்கு அதிகம் என்று தோன்றுகிறது. மணல், தாள், தோகை, பாஸ்டல் என்று நான்கும் காட்டைப் பற்றியே பேசினால் கண் எங்கே நிற்கும்? நானாக இருந்தால் அடியில் துருச்சிவப்பு, அதன்மேல் சாம்பல், ஈரம் காய்வதற்குள் பாலெட் கத்தியால் ஒரே இழுப்பு. கீறலில் எட்டிப்பார்க்கும் சிவப்பே அறுவடை முடிந்த மண்ணாகிவிடும். தொடுவானத்துக்குத் தனியாகக் கோடும் வேண்டாம், சொரசொரப்பு முடிந்து வழவழப்பு தொடங்கும் விளிம்பே போதும்.

கியூர்பிப்வாசி: நன்றி அக்கா, அண்ணா. துடைத்துப் பார்த்தேன், வெள்ளை திரும்பி வந்துவிட்டது. தோகையை மட்டும் விட மனமில்லை. ஜெர்மானிய ஓவியர் ஆன்செல்ம் கீஃபர் வைக்கோலையே ஒட்டுகிறாரே?

மோக்கா அக்கா: ஒட்டுகிறார், அது நிறம் மாறும், உதிரும் என்று தெரிந்தேதான். இங்கே பூஞ்சையும் கூடச் சேரும், ஈரத்தில் வெள்ளைப் பசை இளகவும் செய்யும். வைத்தே தீருவதென்றால் சுணை நீக்கி, அலசி, மொடமொடவென்று காயவைத்து, இரண்டு பக்கமும் ஜெல் தடவி ஒட்டுங்கள். அல்லது ஈரமான பேஸ்டில் தோகையை அழுத்தி எடுத்துவிடுங்கள். நரம்பு வரியெல்லாம் பதியும், எறும்பும் வராது.

ரோஸ் ஹில் அண்ணன்: பழைய கித்தானில் மணல் பகுதியை முழுதாகச் சுரண்டுங்கள் தம்பி. நூலிழைக்குள் உப்பு இறங்கியிருந்தால் சட்டத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.