ஓபரா (இசை நாடகம்) ஆரியாவுக்கு, அதாவது அதில் வரும் தனிப்பாட்டுக்கு, பியானோ வாசித்தவர்களே, எதை விட்டீர்கள், எதை வைத்தீர்கள்?

லாஸ்பேட்டை, புதுச்சேரி:
ஜூன் 21 இசை நாளில் என் அத்தை மகள் பிசேவின் ‘கார்மென்’ ஓபராவிலிருந்து ஹபனேராவும், புச்சினியின் ‘ஓ மியோ பாபினோ காரோ’வும் பாடினாள். பியானோ வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிறு திருப்பலிக்குக் கீபோர்டு வாசித்துப் பழகிய கை இது.

ஹபனேரா தொல்லை தரவில்லை. டி, ஏ, எஃப், ஏ என்ற ஸ்வரங்களில் இடது கை ஒரே தாளத்தில் உருண்டுகொண்டே இருக்கும். அது தளராத வரை வலது கையில் எதைக் குறைத்தாலும் பாட்டு விழாமல் நிற்கிறது. புச்சினிதான் படுத்தினார். நான்கு ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்கி வாசிப்பவை), வலது கை முழுக்க ஆக்டேவ் (ஒரே ஸ்வரம் மேலும் கீழுமாகச் சேர்ந்து). உற்றுப் பார்த்தால் அந்த ஆக்டேவில் பெரும்பகுதி பாடகியின் மெட்டேதான். வயலின்கள் அவளோடு சேர்ந்து வாசிப்பது. அவள் பாடுவதை நான் ஏன் திரும்ப வாசிக்க வேண்டும்? மெட்டை எடுத்துவிட்டு, பேஸும் (அடி ஸ்வரம்) மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து அமுக்கும் கார்டுகளும் மட்டும் வைத்தேன். முன்னிசையைத் தொடவில்லை, அவள் சுருதி பிடிப்பது அதில்தான்.

எங்கள் பாடகர் குழுப் பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. “புச்சினி எழுதியதில் கை வைக்கலாமா?” என்றார். 1918இல் புச்சினி எழுதியது ஆர்கெஸ்ட்ராவுக்கு. நம் கையில் இருப்பது அத்தனை வாத்தியங்களையும் பத்து விரலுக்குள் திணித்த சுருக்கம். சுருக்கியதை இன்னும் கொஞ்சம் சுருக்கினால் என்ன பாவம்?

மஞ்சக்குப்பம், கடலூர்:
பாவமில்லை. ஆனால் புதிதாகப் பாடுபவருக்கு மெட்டை முதல் நாளே எடுத்துவிடாதீர்கள் தம்பி. ஒத்திகையில் ஒற்றை விரலிலாவது கூட வாசியுங்கள், மேடையில் விட்டுவிடலாம்.

நான் வாசித்தது வெர்டியின் ‘ரிகொலெட்டோ’வில் வரும் ‘லா டோனா எ மோபிலே’. பி மேஜர், ஐந்து ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றி வாசிப்பவை). கீபோர்டில் சுருதியை அரை ஸ்வரம் இறக்கிவிட்டு, வெள்ளைக் கட்டைகளே போதுமான சி மேஜரில் வாசித்தேன். கௌரவக் குறைச்சல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பாடும் இடத்தில் ஒரு பேஸ், இரண்டு கார்ட், அவ்வளவே. பாடகர் மூச்சு வாங்கும் இடையிசையில் ஒரு ஸ்வரமும் குறைக்கக் கூடாது. அங்கே சபைக்குக் கேட்பது நாம் மட்டும்தான்.

ட்ரெமொலோ (ஸ்வரத்தை நடுக்கமாக, வேகமாகத் திரும்பத் திரும்ப வாசிப்பது) வந்தால் மணிக்கட்டை வதைக்காதீர்கள். அது வயலின் வில் நடுங்குவதற்காக எழுதியது. கார்டைச் சீராக நான்கு முறை தட்டினாலே பதற்றம் வந்துவிடும்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:
எல்லாவற்றையும் மொத்தக் கார்டாக்கிவிடும் பழக்கத்தோடு எனக்குச் சண்டை உண்டு. மொசார்ட்டின் ‘வோய் கே சபேதே’ (‘ஃபிகாரோவின் திருமணம்’ ஓபரா, 1786) கதையில் கெருபினோ பாட, சூசன்னா கிடார் மீட்டும் காட்சி. அதனால்தான் ஆர்கெஸ்ட்ராவில் தந்திகளை வில்லில்லாமல் விரலால் மீட்டுகிறார்கள். கார்டாக அமுக்கினால் கிடார் செத்துவிடும். ஓடும் ஸ்வரங்களில் ஒன்றுவிட்டு ஒன்றை நீக்கினேன். பாதி வேலை, மீட்டல் அப்படியே. முக்கியமாக, ஒலியை நீட்டும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

லாஸ்பேட்டை:
அக்கா, பெடல் விஷயம் ஹபனேராவுக்கும் பொருந்துகிறது, நேற்று வாசித்துப் பார்த்தேன். ஒரு சந்தேகம்: புச்சினியில் அவள் உச்ச ஏ ஃபிளாட்டை நீட்டும்போது நான் கார்டைப் பிடித்தபடி காத்திருக்கிறேன். கீபோர்டில் ஒலி அதற்குள் தேய்ந்துவிடுகிறது. மெதுவாக மீண்டும் தட்டலாமா, அர்பெஜியோவாக, ஒவ்வொரு ஸ்வரமாக விரிக்கலாமா?